மூன்று கேமராவும் ஒரு பொன்னாடையும்

மேடை என்று ஒன்று போட்டுவிட்டால் அதில் யாருக்காவது பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். எங்கள் கடலூர்ப் பக்கம் இதற்கு விலக்கே கிடையாது. ரத்ததான முகாமா, பொன்னாடை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி திறக்கிறார்களா, பொன்னாடை. போர்த்துகிறவரும் போர்த்திக்கொள்கிறவரும் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், கேமராவைத்தான் பார்ப்பார்கள். கேமரா வேறு பக்கம் இருந்தால் துணியை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். (ஒரு காதணி விழாவில் போர்த்த வந்தவர் கை கடுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். துணியை மட்டும் விடவில்லை.)

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், எனக்குச் சோறு போட்டதே பொன்னாடைதான். கடலூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் மிக்ஸிங் வேலை பார்த்தேன். வேலை ரொம்ப எளிது. நேரடி ஒளிபரப்பு என்றால் ஒரு வேன் போகும். வேனுக்குள் மூன்று சின்னத் திரைகள், மூன்று கேமராவுக்கு ஒன்றொன்று. எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள். நான் எந்தப் பொத்தானை அழுத்துகிறேனோ அந்தக் கேமராவின் படம்தான் வீடுகளில் தெரியும். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான், மூன்றாவது கேமரா எப்போதும் மேடையைப் பார்த்து நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் ஓனர் எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தமே இவ்வளவுதான்: "செல்வி, எத வேணா மிஸ் பண்ணு, பரவால்ல. பொன்னாடைய மட்டும் மிஸ் பண்ணிடாத. வெளம்பரம் குடுக்கறவுங்க அதத்தான் பாப்பாங்க."

நான் மிஸ் பண்ணியதே இல்லை. மைக்கில் 'பொன்' என்று ஆரம்பிப்பதற்குள் என் விரல் மூன்றாம் பொத்தானில் இருக்கும். இதை நான் அப்போது ஒரு திறமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வேறு இருந்தேன். என்ன சொல்ல.

பிறந்தது கடலூர் முதுநகர் என்றாலும் கல்யாணமாகிப் போனது சிதம்பரம். என் வீட்டுக்காரர் பாலு அங்கே ஒரு கார் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். 'வைத்திருந்தார்' என்பதை எங்கள் மாமா, அதாவது பாலுவின் அப்பா, ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பார்வையில் அது தகரக் கொட்டாய். மாமா குவைத்தில் இருபது வருஷம் இருந்து வீடு கட்டியவர். பையனும் அதே மாதிரி போக வேண்டும் என்பது அவர் திட்டம். அங்கே ஒரு பெரிய கார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பரிடம் சொல்லி விசாவுக்கே ஏற்பாடு செய்துவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் பஸ்ஸில் கடலூர் போகிற வழி முழுக்க அழுதுகொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மா, யார் செத்துப்போனது என்று விசாரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கார் பந்தயம் என்று ஒன்று கிளம்பியது. கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர் மெக்கானிக் சங்கங்களும் சேர்ந்து நடத்தியது. புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பொட்டல். அதில் டிராக்டர் விட்டு வட்டமாகப் பாதை போட்டிருந்தார்கள். வெளிநாட்டு ரேஸ் கார் எல்லாம் கிடையாது, ரோட்டில் ஓடி ஓய்ந்துபோன நம் ஊர் வண்டிகள்தான். சீட்டைக் கழற்றலாம், டிரைவருக்குப் பாதுகாப்பாக இரும்புக் குழாயில் கூண்டு வெல்டிங் வைக்க வேண்டும். இன்ஜினை மட்டும் மாற்றக் கூடாது. பாலு ஒரு பழைய சின்னக் காரை மாதக்கணக்கில் தட்டித் தட்டித் தயார் செய்து நீலப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

மாமா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "சரிடா. இந்த டப்பாவ வச்சி ஜெயிச்சிக் காட்டு. ஒனக்குத் தொழில் தெரியும்னு நானே ஒத்துக்கறேன். இங்கயே இரு, விசா பேச்சயே எடுக்க மாட்டேன். தோத்துட்டியா, ஒரு வார்த்த பேசாம பிளைட்டு ஏறணும். இன்னா சொல்ற?"

பாலு "சரிப்பா" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தைதான் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்கள். அவர்களால் முடிந்த ஆறுதல் அதுதான்.

எங்கள் சேனலுக்குத்தான் நேரடி ஒளிபரப்பு. மாமாவுக்கு வெயில் ஆகாது என்பதால் வீட்டிலேயே டி.வி.யில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பொட்டலில் கூட்டம் அள்ளியது. மேடை, பந்தல், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய எல்.ஈ.டி. திரை. முதல் கேமரா முடிவுக் கோட்டில், காதர் அண்ணன் கையில். இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்தவர். இரண்டாவது தூரத்து வளைவில் சாரத்தின் மேல். மூன்றாவது வழக்கம்போல மேடை. கொடி அசைத்து முடிவு சொல்கிறவர் சங்கத் தலைவர்.

ஓனர் புதுசாக ஒன்று செய்திருந்தார். திரையின் அடியில் ஒரு போன் நம்பர் ஓடும். ரசிகர்கள் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லலாம். அந்தப் போனை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் குறைதான்.

"ஏங்க, அந்த அஞ்சாவதா வர்ற வெள்ள வண்டிய காட்டுங்க, அதுல எங்க மச்சான் கீறாரு."

"யம்மா, மைக்குல ஒருத்தரு பேசிக்கிட்டே இருக்காரே, அவர நிறுத்தச் சொல்லு. இன்ஜின் சத்தம் கேக்கவே மாட்டுது."

"வண்டி முந்துறப்ப பாத்து வெளம்பரம் போடறியே, ஒனக்கே நல்லாருக்கா?"

நான் ஒரு கையில் பொத்தான், ஒரு கையில் போன், வேனுக்குள் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தேன். விளம்பரம் என் கையில் இல்லை. அது கடலூர் ஆபீஸிலிருந்து தானாக வந்து விழும். அதை விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த அழைப்பு.

இதற்கு நடுவே என் சொந்த செல்போனில் மாமா.

"செல்வி, இது எப்பம்மா முடியும்? அத்த சீரியல் பாக்கணுங்கறா."

"இன்னும் நெறைய சுத்து இருக்கு மாமா."

சரி என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவரே.

"ஏம்மா, முன்னால போறவனையே காட்டிக்கிட்டுக் கீறியே. அவன் தனியா போறான், அதுல இன்னா இருக்கு? பின்னால நாலு பேரு இடிச்சிக்கிட்டு வர்றானுங்க, அத காட்டு!"

காட்டினேன். நிஜமாகவே அங்கேதான் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பாலுவின் நீல வண்டி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தது. போனில் ஒரு விசில் சத்தம் கேட்டது. மாமாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. "முன்னால போனவன் டயர் போச்சு பாத்தியா! நீலம் ரெண்டாவது வந்துடுச்சு! செகப்புதான் முன்னால. செகப்பு யாரு வண்டி?"

"முதுநகர் மெக்கானிக் மாமா. எங்க பக்கத்துத் தெரு."

"பக்கத்துத் தெருவா? பாத்து, ஒழுங்கா காட்டு" என்று வைத்தார். என் மேல் லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது போல.

கடைசிச் சுற்று. சிவப்பும் நீலமும் கண்ணாடியோடு கண்ணாடி உரச வந்துகொண்டிருந்தன. விரலை ஒன்றாம் பொத்தானில் வைத்துக்கொண்டு 'பெருமாளே, பெருமாளே' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாலு குவைத்தா, சிதம்பரமா என்பது இன்னும் ஒரே ஒரு வளைவில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார்.

கடலூரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அன்றைய ஒளிபரப்பில் பாதி விளம்பரம் அவருடையது. காலையிலேயே வந்திருக்க வேண்டியவர், நிதானமாக இப்போதுதான் காரை விட்டு இறங்கினார். மேடையில் மைக் பிடித்திருந்தவருக்கு அதற்கு மேல் பந்தயம் கண்ணில் படவில்லை. "நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் அண்ணன் அவர்களுக்கு, நமது சங்கத் தலைவர் அவர்கள் பொன்னாடை..."

சங்கத் தலைவர் அப்போது முடிவுக் கோட்டில் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். தன்னைக் கூப்பிடுவது காதில் விழுந்ததும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

நான் மூன்றை அழுத்தினேன். யோசித்து அழுத்தவில்லை. மூன்று வருஷப் பழக்கம், விரல் போய்விட்டது.

திரையில் ஜவுளிக்கடைக்காரர், மேலே ஜரிகைத் துணி, அவருடைய கும்பிட்ட கை. இரண்டு மூச்சு விடுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. 'ஐயோ, வண்டி!' என்று ஒன்றை அழுத்தினேன். பொன்னாடை. பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து மறுபடி ஓங்கிக் குத்தினேன். பொன்னாடைதான். இரண்டை அழுத்தினேன். அதிலும் பொன்னாடை, கொஞ்சம் சின்னதாக.

விஷயம் இதுதான். காதர் அண்ணனுக்கும் அந்த வார்த்தை காதில் விழுந்திருக்கிறது. இருபத்தைந்து வருஷம் கல்யாண வீடியோ எடுத்த உடம்பு, கேமராவோடு மேடைப் பக்கம் திரும்பிவிட்டது. சாரத்தின் மேல் நின்றவர் இன்னும் ஒரு படி மேல். அவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்து ஜூம் போட்டுப் பொன்னாடையைப் பிடித்திருந்தார்.

வெளியே வானம் இடிந்த மாதிரி சத்தம். காதர் அண்ணன் பதறித் திரும்பியபோது வெறும் புழுதி. புழுதி அடங்கியதும் இரண்டு வண்டியும் கோட்டைத் தாண்டி நின்றிருந்தன. இரண்டு டிரைவரும் ஜன்னல் வழியாக மேலே ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் மேடையிலிருந்து கொடியை ஆட்டினார், ஒரு மரியாதைக்காக.

"யாரு ஜெயிச்சது?" என்று அவரே மைக்கில் கேட்டார்.

கடலூர்க்காரர்கள் சிவப்பு என்றார்கள், சிதம்பரத்துக்காரர்கள் நீலம் என்றார்கள். செல்போனில் எடுத்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் சிவப்பு வந்த பக்கம் கடலூர்க் கூட்டம், எதிரே நீலம் வந்த பக்கம் சிதம்பரத்துக் கூட்டம். கோணலாகப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் வண்டிதானே முன்னால் இருப்பது போலத் தெரியும்? அவரவர் போனில் அவரவர் வண்டி ஜெயித்துக்கொண்டிருந்தது. சட்டைக் காலர்கள் பிடிபடுவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், "டி.வி.காரங்ககிட்ட இருக்கும்பா! ரீப்ளே போடச் சொல்லு!" என்று கத்தினார்.

மொத்தக் கூட்டமும் எல்.ஈ.டி. திரையைப் பார்த்துத் திரும்பியது. ஓனர் வேன் கதவைத் திறந்து, "செல்வி, போடு போடு" என்றார்.

"சார், அது வந்து..."

"போடும்மா, கலவரமாயிடும்!"

போட்டேன். முதல் கேமராவில் பொன்னாடை. ஒரு முணுமுணுப்பு. இரண்டாவது கேமராவில் பொன்னாடை. முணுமுணுப்பு பெரிதானது. மூன்றாவது கேமராவில் பொன்னாடை, நல்ல குளோசப். முதல் தண்ணீர் பாக்கெட் வேன் மேல் வந்து விழுந்தது. "கடலூர் பொண்ணாச்சே, பொறந்த ஊட்டுப் பாசம்!" என்று ஒரு குரல். "புருஷனுக்காக மறைச்சிட்டா!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல். இரண்டு ஊரும் ஒற்றுமையாக என்னைத் திட்டியது அன்றைக்குத்தான்.

ஜவுளிக்கடைக்காரர் மட்டும் திரையைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது ஆங்கிள் நல்லாருக்கே. இன்னொரு தபா போடச் சொல்லுப்பா" என்றார். போட்டோம். (வருஷ விளம்பரமும் கொடுத்தார். ஓனர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.)

கடைசியில் இரண்டு சங்கமும் கூடிப் பேசி, முடிவை நிறுத்தி வைப்பதாகவும், அந்த இரண்டு வண்டிக்கு மட்டும் இன்னொரு நாள் மறுபந்தயம் விடுவதாகவும் அறிவித்தார்கள்.

பாலுவோடு பைக்கில் சிதம்பரம் திரும்பினேன். வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. "ஏங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன். "ஏங்க, அடிக்கக்கூடச் செய்யுங்க, பேசுங்க" என்றேன். "வண்டி ஓட்றேன்ல, சும்மா வா" என்றார். தன் புருஷனைத் தன் ஒரு விரலால் குவைத்துக்கு அனுப்பியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்து அவர் முதுகிலேயே அழுதேன்.

மாமா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. நான் இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? கடைசி வளைவு! ரெண்டும் ஒட்டிக்கிட்டு வருது! நான் சோபாவ வுட்டு எழுந்து நிக்கறேன். ஒங்க அத்த சாமி ரூம்ல கற்பூரம் ஏத்தறா. அப்ப கொண்டாந்து ஒரு ஆளுக்குத் துணி போத்தறத காட்டுற! யாரு கேட்டா அத? இந்த ஜில்லாவுல ஒரு மனுஷன் கேட்டானா? பாக்கறவன் இன்னா கேக்கறான்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? யாரு ஜெயிச்சா? அத ஒண்ணத்தானே கேக்கறான்!"

"தப்புதான் மாமா."

"தப்புன்னா? என் பையன் ஜெயிச்சானா தோத்தானான்னு நான் சாகற வரைக்கும் தெரியாம இருக்கணுமா?"

பாலு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "எப்பப்பா டிக்கெட் போடணும்?"

"எதுக்கு டிக்கெட்டு?"

"குவைத்துக்கு."

மாமா அவரை ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அறிவு கெட்டவனே, நீ தோத்தியா? தோத்தேன்னு எவன் சொன்னான்? முடிவே வரல. முடிவு வராம ஒன்ன எப்படிடா அனுப்பறது? நான் வாக்குக் குடுத்திருக்கேன். மறுபந்தயம் ஓடு, அப்பறம் பாக்கலாம்." அங்கேயே போனை எடுத்துக் குவைத் நண்பரிடம், "பையன் இப்போதிக்கு வர மாட்டாம்பா, போட்டி பாதில நிக்கிது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுபந்தயம் நடக்கவே இல்லை. முதலில் மழை, பொட்டல் முழுக்கத் தண்ணீர். அப்புறம் தேர்தல். அப்புறம் அந்த இடமே மனைப் பிரிவாகிக் கல் நட்டுவிட்டார்கள். விசா போன இடம் தெரியவில்லை. மாமா வேறு ஆளாகிவிட்டார். தகரக் கொட்டாய் என்று சொன்ன ஒர்க்ஷாப்பில் காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். ஆயில் மாற்ற வருகிறவர்களுக்குக் கடைசி வளைவை ஸ்பேனர்களை வைத்து விளக்குகிறார். இது நீலம், இது சிவப்பு, இது காதர், இது மேடை. வீட்டிலும் நான் தப்ப முடியாது. பால் பொங்கி வழிந்தால், "செல்வி பொன்னாடை காட்டப் போயிட்டா" என்பார். எங்கள் மகள் முதல் அடி எடுத்து வைத்தபோது நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அதேதான். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அவளும் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பாலுவிடம் கேட்டேன். இத்தனை வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. பயம்தான்.

"நெஜமா சொல்லுங்க. அன்னிக்கு யாரு ஜெயிச்சது? வண்டிக்குள்ள இருந்த ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவர் ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செகப்புதான். அரை வண்டி தூரம் முன்னாடி போயிட்டான்."

கரண்டியை அவர் பக்கம் நீட்டினேன். "அப்ப எதுக்குக் கையத் தூக்கிக்கிட்டு நின்னீங்க?"

"அவன் தூக்குனான், நானும் தூக்குனேன்."

"அடப்பாவி! பைக்ல வரப்ப ஒரு வார்த்த பேசலியே, நான் எவ்ளோ அழுதேன்!"

"பேசுனா சிரிச்சிருவேன்டி. நீ மட்டும் அன்னிக்கு ஒழுங்கா வேல பாத்திருந்தா நான் குவைத்துல கெடந்திருப்பேன். வாய மூடிக்கிட்டு இரு, எங்கப்பா இப்பவும் ஆளப் புடிச்சி விசா வாங்கிருவாரு."

ஹாலில் யாரோ விருந்தாளி வந்திருந்தார். மாமா அவருக்கு டம்ளர்களை நகர்த்திக் கடைசி வளைவைச் சொல்லி முடித்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என் புள்ளதாங்க ஜெயிச்சான். இந்தா, இந்த மகராசி மட்டும் ஒழுங்கா காட்டியிருந்தா இன்னிக்கு ஊரே சொல்லும். என்னம்மா செல்வி, நான் சொல்றது சரிதானே?"

"ஆமா மாமா, எல்லாம் என் தப்புதான்" என்றேன்.